காலுக்கு வேலை கொடுக்கும் ஷூ

ஷூ கடையில் இரண்டு ஜோடிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றின் அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு நுரை மெத்தை. குதிகால் பக்கம் இன்னும் உயரம். மற்றொன்றைப் பாயைப் போலச் சுருட்டிக் கைக்குள் அடக்கிவிடலாம். அதன் அடியில் சில மில்லிமீட்டர் ரப்பரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் விலைச்சீட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. சில சமயம் மெல்லியதுதான் விலை அதிகம்.

மெத்தை காலைக் காப்பாற்றும் என்றால் இந்த மெல்லிய ஷூவை யார் வாங்குகிறார்கள்? வெறுங்காலே நல்லது என்றால் அதற்கு எதற்குக் காசு? கல்லும் முள்ளும் நிறைந்த மலைப்பாதையில் ஓடுகிறவர்களில் ஒரு பகுதியினர் இதைத் தேடிப்பிடித்து வாங்குவது இன்னும் பெரிய புதிர். இவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லையா, அல்லது இது வெறும் மோகமா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், எந்த ஷூவை வாங்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

இந்த வகைக் காலணியை இனி மெல்லடி ஷூ என்று அழைப்போம். அடிப்பாகம் மெல்லியது, தட்டையானது, விரல்கள் விரிய இடம் தருவது என்று இந்தச் சொல்லுக்குப் பொருள் கொள்ளுங்கள்.

வெறுங்காலும் டயர் செருப்பும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். அதுவரை உலகில் யாரும் அந்தத் தூரத்தை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. வெறுங்கால் ஓட்டத்தை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்லும் கதை இதுதான். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அவரே ஷூ அணிந்து, 2 மணி 12 நிமிடத்தில் ஓடி, மறுபடியும் உலகின் மிக வேகமான மாரத்தான் ஓட்டக்காரர் ஆனார். இந்தப் பாதியை அவர்கள் சொல்வது அரிது.

மெக்சிகோவின் சிவாவா மாநிலத்து ஆழமான பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள் தேய்ந்த டயர் ரப்பரை வெட்டி, வார் கட்டி, அந்தச் செருப்பிலேயே நெடுந்தூரம் ஓடுபவர்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடக்கும் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில் 1993-ல் முதலாவதாக வந்தவர் விக்தோரியானோ சுரோ என்ற ராராமுரி விவசாயி. அப்போது அவருக்கு வயது 55. நம் கிராமங்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை உழவர்கள் டயர் செருப்புதான் போட்டிருந்தார்கள் என்பதால், இந்தச் செய்தி நமக்கு அவ்வளவு அந்நியமானதில்லை.

ராராமுரிகளைப் பற்றி கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய நூல் 2009-ல் வெளியானது. அதன் பிறகுதான் மெல்லடி ஷூ பெருஞ்சந்தையாயிற்று. நூலைப் படித்த ஆயிரக்கணக்கானவர்கள், அதுவரை மெத்தை ஷூவிலேயே வாழ்ந்த கால்களோடு, ஒரே வாரத்தில் மெல்லடிக்கு மாறினார்கள். பலருக்கு வலி வந்தது. வலி ஏன் வந்தது என்பதற்கான விடைதான் இந்த அத்தியாயத்தின் மையம்.

கால் தரையைத் தொடும் கணம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு 2010-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஷூ அணிந்து பழகியவர்களில் பெரும்பாலோர் ஓடும்போது குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். வெறுங்காலில் ஓடியே வளர்ந்த கென்யர்கள் பலர் முன்பாதத்தை, அதாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள சதைப்பற்றான பகுதியை, முதலில் ஊன்றினார்கள். வெறுங்குதிகாலை ஊன்றினால், ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் உடல் எடையைப் போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு விசை சட்டென்று காலில் ஏறுகிறது. முன்பாதத்தை ஊன்றினால் அந்தத் திடீர் மோதல் ஏறத்தாழ இல்லாமலே போகிறது.

காரணம் எளிது. குதிகாலில் இறங்கும்போது பாதமும் கீழ்க்காலும் ஒரே கம்பமாகத் தரையில் இடிக்கின்றன. முன்பாதத்தில் இறங்கினால் கணுக்கால் மடங்குகிறது, கெண்டைக்கால் தசை இழுபடுகிறது, பாதவளைவு சற்றுத் தட்டையாகிறது. பாதவளைவும் குதிகால் தசைநாணும் நீண்டு சுருங்கும் தன்மை உடையவை. ஓட்டத்தின் ஒவ்வொரு அடியிலும் கைமாறும் ஆற்றலில் சுமார் 17 சதவீதத்தைப் பாதவளைவும், சுமார் 35 சதவீதத்தைக் குதிகால் தசைநாணும் சேமித்துத் திருப்பித் தருவதாக 1987-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

அப்படியானால் எல்லோரும் முன்பாதத்தில் ஓடலாமே என்று தோன்றும். 2013-ல் வடக்குக் கென்யாவின் தாசனச் மக்களை ஆராய்ந்தார்கள். இவர்களும் வெறுங்காலில் வாழ்பவர்கள். ஆனால் தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடச் சொன்னபோது, அவர்கள் வைத்த அடிகளில் 72 சதவீதம் குதிகாலில்தான் விழுந்தது. வேகம், தரை, பழக்கம் எல்லாமே அடி விழும் விதத்தை மாற்றுகின்றன. இயற்கையான ஓட்டம் இதுதான் என்று ஒரே ஒரு முறையைக் காட்டி விற்பவரை நம்ப வேண்டாம்.

இறங்கிய சுமை எங்கே போகிறது?

மெத்தையை எடுத்துவிட்டால் சுமை மறைந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. முழங்கால் ஓரளவு இளைப்பாறுகிறது; கெண்டைக்கால், குதிகால் தசைநாண், விரல்களுக்குப் பின்னால் உள்ள ஐந்து நீண்ட எலும்புகள் ஆகியவை கூடுதலாக உழைக்கின்றன.

தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். எலும்பின் வழி விசித்திரமானது. புதிய சுமை வந்தால் அது முதலில் பழைய பகுதிகளைக் கரைத்து, பிறகுதான் புதிதாகக் கட்டும். எனவே மாற்றம் தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். கெண்டைக்கால் வலி தணிந்து, "பழகிவிட்டது" என்று மனிதர் தூரத்தைக் கூட்டுவதும் அதே வாரங்களில்தான். 1855-லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாவுப்ட், நெடுந்தூரம் அணிவகுத்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அது அந்த நீண்ட எலும்புகளில் விழும் நுண்ணிய விரிசல் என்பது எக்ஸ்-கதிர் வந்த பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா ரிட்ஜ் குழு 2013-ல் இதை எம்.ஆர்.ஐ. கொண்டு பார்த்தது. அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேர். அவர்களில் 19 பேர் 10 வாரங்களில் விரல் விரலாகப் பிரிந்த மெல்லடி ஷூவுக்கு மாறினார்கள். முடிவில் அந்த 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் நீர்கோத்தல் அதிகரித்திருந்தது. எலும்பு தாங்க முடியாத வேகத்தில் சுமை ஏறியதற்கான அறிகுறி அது. இந்த வகை ஷூவை விற்ற விப்ரம் நிறுவனம், அதன் உடல்நலப் பயன்களைப் பற்றிய விளம்பரங்கள் தொடர்பான வழக்கை 2014-ல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமாக முடித்துக்கொண்டது. தவறை அது ஒப்புக்கொள்ளவில்லை.

உடல் எடையும் இதில் சேரும். 2017-ல் வெளியான, 61 ஓட்டக்காரர்களை 26 வாரம் தொடர்ந்து கவனித்த சோதனையில், எடை கூடக்கூட மெல்லடியில் காயம்படும் வாய்ப்பு மெத்தை ஷூவைவிட அதிகமாயிற்று. சுமார் 71 கிலோவுக்கு மேல் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

நடையில் கிடைக்கும் லாபம்

இதுவரை படித்தவர் மெல்லடியை மறந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். என் தீர்ப்பு வேறு. ஓட்டத்தில் எச்சரிக்கை செய்யும் அதே ஆய்வாளர்கள் நடையில் நல்ல செய்தி சொல்கிறார்கள். ரிட்ஜ் குழுவே 2019-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எட்டு வாரம் மெல்லடி ஷூவில் நடந்தவர்களின் பாதத் தசைகள், தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களுக்கு இணையாக வலுப்பெற்றன. இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட முடிவில், ஆறு மாதம் அன்றாட வேலைகளுக்கு மெல்லடி அணிந்தவர்களின் விரல் மடக்கும் வலு சராசரியாக 57 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் தனிப்பயிற்சி எதுவும் செய்யவில்லை. கடைக்கும் வேலைக்கும் போய் வந்தார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகள் 2,300 பேரின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. மூடிய ஷூவைவிடச் செருப்பு அணிந்தவர்கள் நிலை மேல். கணக்கெடுப்பு காரணத்தை உறுதியாக நிறுவாது. ஆனாலும் வளரும் பிள்ளையின் காலை நாளெல்லாம் விறைப்பான ஷூவுக்குள் பூட்டிவைக்கத் தயங்க இது போதும்.

ஹவாய் செருப்பே போதாதா என்று கேட்கலாம். அது தட்டை, அகலம், மலிவு. வீட்டுக்கும் தெருமுனைக்கும் நன்று. ஆனால் பின்வார் இல்லாததால், நழுவாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேகமாக நடக்கவோ ஓடவோ அது ஆகாது. பின்வார் வைத்த தட்டையான செருப்பு அந்தக் குறையைத் தீர்க்கிறது. நம் வெயிலுக்கும் அதுவே ஏற்றது.

ஒரு ஷூவுக்கு மதிப்பெண் போடுவோம்

2015-ல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் சேர்ந்து, ஷூ எவ்வளவு மெல்லடித்தன்மை உடையது என்று அளக்க ஓர் அளவுகோலை வகுத்தார்கள். எடை, அடித்தடிமன், குதிகால் ஏற்றம் (முன்பாதத்தைவிடக் குதிகால் எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பது), வளையும் தன்மை, பாதத்தின் அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் என்று ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். மொத்தம் 25-க்கு வருவதை நூற்றுக்கு மாற்ற வேண்டும். நூறை நெருங்க நெருங்க வெறுங்காலுக்கு அருகில் என்று பொருள். நல்ல ஷூ என்று பொருளில்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 35, எடை 66 கிலோ. வாரநாட்களில் நடை, ஞாயிறன்று மலையடிவார மண்பாதையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம்.

அவரிடம் இப்போது உள்ள ஷூ 290 கிராம், அடித்தடிமன் 30 மில்லிமீட்டர், குதிகால் ஏற்றம் 10 மில்லிமீட்டர். இந்த மூன்றுக்கும் தலா 1. வளைத்தால் சிரமப்பட்டு வளைகிறது, முறுக்கினால் அநேகமாக அசையவில்லை: 1.5. குதிகாலைச் சுற்றி விறைப்பான கிண்ணம், உட்பக்கம் கெட்டியான நுரை என இரண்டு கட்டுப்பாடுகள்: 3. ஆக 7.5, நூற்றுக்கு 30.

அவர் கண்வைத்திருக்கும் மெல்லடி ஷூ 200 கிராம் (3), தடிமன் 9 மில்லிமீட்டர் (4), ஏற்றம் இல்லை (5), சுருட்டலாம் (5), கட்டுப்பாடு எதுவும் இல்லை (5). ஆக 22, நூற்றுக்கு 88.

முப்பதிலிருந்து எண்பத்தெட்டுக்கு ஒரே தாவலில் ஓடப் போனால் ரிட்ஜ் ஆய்வின் அந்தப் பத்துப் பேரோடு சேர்ந்துகொள்ள நேரலாம். இடையில் ஒன்று வேண்டும். 240 கிராம் (2), தடிமன் 21 மில்லிமீட்டர் (2), ஏற்றம் 4 மில்லிமீட்டர் (3), ஓரளவு வளையும் (3), கட்டுப்பாடு இல்லை (5) என்று ஒரு மலைப்பாதை ஷூ கிடைத்தால் அது 15, அதாவது 60.

இப்போது அவர் செய்ய வேண்டியது தெளிவு. 88 மதிப்பெண் ஷூவை நடைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் நாளுக்கு அரை மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டலாம். 60 மதிப்பெண் ஷூவை ஞாயிற்று ஓட்டத்தின் ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் போட்டு, மீதியைப் பழைய ஷூவில் ஓட வேண்டும். முழு ஓட்டத்தையும் புதியதுக்கு மாற்றச் சில மாதங்கள் ஆனால் ஆகட்டும். கெண்டைக்கால் இரண்டு நாள் வலித்து ஆறினால் கவலையில்லை. பாதத்தின் மேற்புறத்தில் ஓர் எலும்பின் மீது விரல் வைத்து அழுத்தினால் அந்த ஒரு புள்ளி மட்டும் சுரீரென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அளவுகோல் மறந்த அகலம்

இந்த அளவுகோலில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஷூவின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்று அது கேட்பதே இல்லை. 95 மதிப்பெண் வாங்கிய ஷூவும் விரல்களை நெருக்கலாம். தடிமனைவிட அகலத்துக்கே நான் முதலிடம் தருவேன்.

ஹாங்காங்கில் 1958-ல் வெளியான ஓர் ஆய்வு, ஷூ அணிந்த சீனர்களையும் அணியாத சீனர்களையும் ஒப்பிட்டது. பெருவிரல் மற்ற விரல்களின் பக்கமாகச் சாய்ந்து அடிமூட்டு புடைத்திருந்தவர்கள் முதல் பிரிவில் 33 சதவீதம், இரண்டாம் பிரிவில் 1.9 சதவீதம். தென்னிந்தியாவில் வெறுங்காலிலேயே நடந்து வாழ்ந்தவர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், அவர்களுடைய முன்பாதம் அகன்றும் உடல் எடை பாதம் முழுவதும் சீராகப் பரவியும் இருந்தன.

அகலம் பார்க்கும் வழி எளிது, செலவும் இல்லை. மாலையில் கால் சற்றுத் தடித்திருக்கும். அப்போது ஒரு தாளின் மேல் முழு எடையோடு நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இராது. பெரியதையே கணக்கில் கொள்ளுங்கள். பிறகு ஷூவின் உள்அட்டையை உருவி அந்தப் படத்தின் மேல் வையுங்கள். நம் கோயம்புத்தூர்க்காரரின் முன்பாதம் 99 மில்லிமீட்டர், பழைய ஷூவின் அட்டை 91 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எட்டு மில்லிமீட்டர் பாதம் எங்கே போகும்? விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கித்தான் அந்த இடத்துக்குள் அடங்குகின்றன. நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் இது தீராது. அகல அளவு தனியாகக் கிடைக்கும் ஷூவையோ, விரல் பக்கம் விசிறியாக விரியும் வடிவத்தையோ தேட வேண்டும்.

மலைப்பாதையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

மண்பாதை மெல்லடிக்கு ஒரு வகையில் உகந்த இடம். தார்ச்சாலையில் ஒரே மாதிரி அடி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும். காட்டுப்பாதையில் ஒவ்வொரு அடியும் வேறு, சுமை பரவுகிறது. அடிப்பாகம் தாழ்வாக இருந்தால் கணுக்கால் பிசகும்போது நெம்பும் உயரமும் குறைவு. உள்ளங்காலுக்குத் தரை தெரிவதால் கல்லின் மேல் முழு எடையை இறக்கும் முன்பே கால் தன்னைத் திருத்திக்கொள்ள முடிகிறது.

ஆனால் கூரான கல் கூரான கல்தான். முன்பாதத்துக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு பதித்த மலைப்பாதை ஷூக்கள் உண்டு. பாறை நிறைந்த தடத்தில் தொடங்குகிறவருக்கு அது அவசியம். டயருக்குச் சொல்வதுபோல் ஷூவின் அடியிலும் பட்டன், அதாவது துருத்தி நிற்கும் ரப்பர் குமிழ், எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணுக்கும் பாறைக்கும் மூன்று மில்லிமீட்டர் போதும், சேற்றுக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். ஈரப்பாறையில் பட்டனைவிட மென்மையான ரப்பரே வழுக்காமல் பிடிக்கும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி நகம் இடிபடாமல் இருக்க, விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடமும் குதிகாலை இறுகப் பிடிக்கும் கயிறும் தேவை. அகலம் முன்னால், பிடிப்பு பின்னால் என்று பார்த்து வாங்குங்கள்.

சமவெளியில் ஓடுபவர்களுக்கு இன்னொன்று. சீமைக்கருவேல முள் சைக்கிள் டயரையே துளைக்கும். மெல்லடி எதுவும் அதைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். கோடை நடுப்பகலில் தார்ச்சாலையின் சூடும் மெல்லிய அடி வழியாக விரைவில் ஏறும். அந்த நேரத்துக்கு வேறு காலணி போட்டுக்கொள்வதே அறிவு.

யாருக்கு வேண்டாம்

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மெல்லடி ஷூ ஆகாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. மெல்லடியின் பாதுகாப்பு முழுவதும் காலுக்குத் தரை தெரிகிறது, வலிக்கிறது என்பதையே நம்பியிருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை மருத்துவம் செய்த பால் பிராண்டு, வலி தெரியாத கால்தான் புண்ணாகி அழிகிறது என்பதைப் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னவர். அப்படிப்பட்ட கால்களுக்கு மருத்துவமனைகளில் தரும் எம்.சி.ஆர். செருப்பு, மென்மையான ரப்பரால் அழுத்தத்தைப் பரப்பிக் காக்கிறது. அதைக் கழற்றிவிட்டு யாருடைய பேச்சைக் கேட்டும் மெல்லடிக்கு மாற வேண்டாம். பாத எலும்பில் முன்பு விரிசல் விழுந்தவர்களும், குதிகால் தசைநாணில் வலி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

மற்றவர்களில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது: அதை நடைக்கு வாங்குங்கள். முன்பாதம் தாராளமாக விரியும், தட்டையான, வளையும் ஷூவோ பின்வார்ச் செருப்போ போதும். மலையில் இன்னும் ஆறு மாதம் பழைய ஷூவிலேயே ஓடலாம்.